பழைய ஜீப்பில் துருப்பிடித்த போல்ட்டுகளை உடைக்காமல் கழற்றுவது எப்படி?

இரண்டு வீல் ஸ்டட், அதாவது சக்கரத்தை மாட்டி நட்டுப் பூட்டும் மரைக்கம்பி, உடைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. இடது பக்கச் சக்கரம் என்றால் துருவைக் குறை சொல்ல வேண்டாம். அமெரிக்க வில்லிஸ் கம்பெனி ஜீப்பின் வழி வந்த பழைய ஜீப்புகளில் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். ஸ்டட்டின் நுனியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள், ‘எல்’ என்ற எழுத்து குத்தியிருக்கும். பெயின்ட்டும் சேறும் காய்ந்து மூடியிருந்தால் அது கண்ணில் படாது, நாம் ஸ்பேனரில் நீளப் பைப்பைப் போட்டு இறுக்கிக்கொண்டே இருப்போம், கடைசியில் ஸ்டட் கையோடு வந்துவிடும். நடுவில் யாராவது ஸ்டட் மாற்றியிருக்கலாம், அதனால் ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டே கை வையுங்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். கோத்தகிரிப் பக்கம் தோட்டத்து ஷெட்டில் ஏழெட்டு வருடம் நின்ற பெட்ரோல் ஜீப், எல்லா போல்ட்டும் பிடித்துக் கிடக்கிறது, எஞ்சினில் புகைக் குழாயைப் பிடிக்கும் மேனிஃபோல்ட் ஸ்டட் ஒன்றும் உடைந்துவிட்டது, ஆயில் விடுவதா சூடு காட்டுவதா, என்ன ஸ்பேனர் செட் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் குன்னூரில் மாமாவின் பட்டறையில் பதினாறு வயதில் சேர்ந்தேன், இருபது வருடத்துக்கு மேலாக இலை ஏற்றும் ஜீப்பும் காய்கறி வண்டியும்தான் என் வேலை. நான் பார்த்தவரை போல்ட்டுகளை அதிகம் கெடுத்தது துரு இல்லை, அளவு தப்பின ஸ்பேனர்.

உங்கள் வண்டியில் பெரும்பாலானவை இஞ்ச் அளவு. அரை இஞ்ச் தலைக்கு 13 எம்எம் ஸ்பேனர் போடுகிறார்கள். அரை இஞ்ச் என்பது 12.7, இடைவெளி 0.3 எம்எம்தான், ஆனால் பிடித்துக் கிடக்கும் போல்ட்டில் அந்த இடைவெளி போதும், தலையின் ஆறு முனையும் மழுங்கி உருண்டையாகிவிடும். 9/16க்கு 14 எம்எம் நுழையாது, உடனே 15ஐ எடுப்பார்கள், அதோடு அந்தத் தலை போயிற்று. 5/8க்கு 16 எம்எம், 3/4க்கு 19 எம்எம், இவை இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, மாற்றிப் போடலாம். மற்றதற்கெல்லாம் இஞ்ச் செட் வாங்கியே ஆக வேண்டும். சாக்கெட் வாங்கினால் ஆறு பட்டை உள்ளதாக வாங்குங்கள். பன்னிரண்டு பட்டை சாக்கெட் முனையில் மட்டும் பிடிக்கும், ஆறு பட்டை பக்கவாட்டில் பிடிக்கும்.

மரையில் தப்பு நடந்தால் இன்னும் ஆபத்து. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் மேட்டுப்பாளையத்துக்கு கேரட் ஏற்றி இறங்கிய ஒரு ஜீப்பில், கோத்தகிரி ரோட்டு வளைவு ஒன்றில், எஞ்சின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பின் ஷாஃப்ட் கழன்று விழுந்துவிட்டது. ஷாஃப்ட்டின் நுனியில் மடங்கும் இணைப்பான யூ-ஜாயின்ட்டைப் பிடிக்கும் சின்ன யூ-போல்ட்டுக்கு இஞ்சுக்கு 24 மரை உள்ள ரெண்டரை நூல் (5/16 இஞ்ச்) நட்டு வேண்டும். அதற்கு முன்னால் வண்டியைப் பார்த்தவர் 8 எம்எம் அளவான எம்8 நட்டைத் திணித்திருந்தார். ரெண்டரை நூல் என்பது 7.94 எம்எம், எம்8க்கு அவ்வளவு கிட்டத்தில் இருப்பதால் இரண்டு சுற்று கையாலேயே ஏறிவிடும். ஆனால் எம்8க்கு இஞ்சுக்கு இருபது மரைதான். மூன்றாம் சுற்றில் இறுகும், நன்றாக முறுக்கிவிட்டோம் என்று தோன்றும், உள்ளே ஒரு மரை இன்னொன்றைச் சீவிக்கொண்டிருக்கும். அந்த நட்டை இன்னும் வைத்திருக்கிறேன், உள்ளே விரல் விட்டால் வழவழவென்று இருக்கும்.

பின் ஷாஃப்ட் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்தது, கியரில் இருந்தும் வண்டி பிடிக்கவில்லை. அந்த மாடலில் ஹேண்ட் பிரேக் டிரம், முன்-பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் இருக்கும், அது பிடிப்பதும் அதே ஷாஃப்ட்டைத்தான், சக்கரத்தை இல்லை. கால் பிரேக் ஒன்றை வைத்துக்கொண்டு டிரைவர் வண்டியை மலைப்பக்கம் ஒடித்து நிறுத்தினார். பட்டறைக்கு வந்தபோதும் அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது, “ஹேண்ட் பிரேக்கும் பிடிக்கலண்ணா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றிலிருந்து, மரையின் அளவை ஒப்பிட்டுப் பார்க்கும் பல்லுள்ள தகடான மரை கேஜ் இல்லாமல் நான் எந்த நட்டையும் மாற்றுவதில்லை. விலை அதிகமில்லை, ஸ்பேனர் செட்டோடு அதையும் வாங்கிவிடுங்கள். எஞ்சினோ கியர் பாக்ஸோ நடுவில் மாறியிருந்தால் உங்கள் வண்டியிலும் இரண்டு வகை மரையும் இருக்கும். புது நட்டு கடைசி வரை கையால் ஏற வேண்டும், நடுவில் ஸ்பேனர் கேட்டால் அது அந்த போல்ட்டுக்கு உரிய நட்டு இல்லை.

இனி கழற்றும் வேலை. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், நம் ஊர் மூடுபனியும் மழையும் மரைக்குள் இறங்கி அங்கேயே உட்கார்ந்து துருவாக வீங்கியிருக்கிறது. முதலில் வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாக்குங்கள், இதைச் செய்யாமல் நட்டைத் திருப்பினால் அந்தத் துரு முழுவதையும் நட்டுக்குள் அரைத்துக்கொண்டு போவீர்கள். பிறகு துரு இளக்கும் ஆயில் விட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள், காலையில் மறுபடி விடுங்கள். பித்தளைக் கட்டையை வைத்துத் தலையில் நேராக நாலைந்து தட்டு. முதல் அசைவு இறுக்கும் பக்கம் இருக்கட்டும், மயிரிழை போதும், துரு விட்டுக்கொடுக்கும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் போல்ட் தப்பித்தது. சத்தமில்லாமல் பாகு இழுப்பதுபோல் மெத்தென்று திரும்பினால் உடனே கையை எடுங்கள். கழல்வது நட்டு இல்லை, போல்ட்டின் உடம்பு முறுகுகிறது, இன்னும் கால் சுற்றில் ஒடியும். அசைய ஆரம்பித்த பிறகும் அரைச் சுற்று கழற்றி கால் சுற்று இறுக்கி, ஆயில் விட்டு, இப்படியே வெளியே கொண்டுவாருங்கள். பொறுமை இல்லாத நாளில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

சூடு கடைசி வழி. நட்டைச் சூடாக்க வேண்டும், போல்ட்டை இல்லை, நட்டு விரிந்தால்தான் பிடி தளரும். சூட்டோடு மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் மெழுகு உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும், இது மாமா காட்டிய வித்தை. டேங்க், கார்புரேட்டர், பிரேக் ஹோஸ் பக்கத்தில் நெருப்பே வேண்டாம். சிவக்கச் சூடாக்கிய போல்ட்டையும் நட்டையும் திரும்பப் போடாதீர்கள், பதம் போயிருக்கும்.

உடைந்த மேனிஃபோல்ட் ஸ்டட்டில் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, சிவப்பு அடங்கிய பிறகு முன்னும் பின்னுமாகத் திருப்புங்கள். வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். உடைந்த ஸ்டட்டில் துளை போட்டுத் திருகி எடுக்கும் ஈஸி அவுட் போட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள், அது கடினமான எஃகு, உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் அதில் ஏறாது. திரும்பப் பூட்டும்போது மேனிஃபோல்டுக்குப் பித்தளை நட்டு போடுங்கள், சூட்டில் ஸ்டட்டோடு ஒட்டிக்கொள்ளாது.

துருப்பிடிக்காதே என்று இங்கே பலரும் எல்லாவற்றுக்கும் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் கேட்கிறார்கள். மட்கார்டுக்கு, பம்பருக்குப் போடுங்கள், ஸ்பிரிங், ஸ்டீரிங், ஷாஃப்ட் பக்கம் வேண்டாம். கடையில் கிடைக்கும் ஏ2-70 ரக எஸ்எஸ்ஸின் இழுவிசை பலம் 700 மெகாபாஸ்கல், 8.8 என்று தலையில் குறித்த சாதாரண எஃகு போல்ட்டுக்கு 800. எஸ்எஸ்ஸில் எஸ்எஸ் நட்டு போட்டால் துருவே இல்லாமல் மரை மரையோடு ஒட்டியும் போகும். இஞ்ச் போல்ட்டில் பலத்தைத் தலையில் உள்ள கோடு சொல்லும், மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு இருந்தால் கிரேடு 8. கோடே இல்லாததை ஷாஃப்ட்டில் பூட்டாதீர்கள்.

வீல் நட்டை 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி இறுக்கிப் பாருங்கள். புது ஸ்டட் வாங்க கோவைக்குப் போகும்போது உடைந்த துண்டையும் பழைய நட்டையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், இடது மரை என்றால் வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள், நட்டும் அதே மரையில் வேண்டும்.