கீரை பாஸ்தாவில் தண்ணீர் தேங்காமல் இருக்க

கேள்வி: கீரை சேர்த்து பாஸ்தா செய்யும்போதெல்லாம் தட்டின் அடியில் பச்சைத் தண்ணீர் தேங்கிவிடுகிறது, கீரையும் கறுத்துப்போகிறது. க்ரீம் ஊற்றினால் ஒன்றாகச் சேர்ந்து வருகிறது. ஆனால் சாப்பிட்டதும் வயிறு மந்தமாகிவிடுகிறது. க்ரீம் இல்லாமல் இரண்டு பேருக்கு இலேசாகச் செய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. க்ரீம் செய்வதெல்லாம் அந்தத் தண்ணீரைக் கெட்டியாக்கி மறைப்பதுதான். தண்ணீரைச் சரியாகக் கையாண்டால் க்ரீமுக்கு அங்கே வேலையே இல்லை.

இந்தச் சமையலில் இரண்டு தண்ணீர் உண்டு. கீரை விடும் தண்ணீர் ஒன்று, பாஸ்தா வெந்த தண்ணீர் இன்னொன்று. முதலாவதை வாணலியிலேயே விட்டுவிட்டு, இரண்டாவதை சிங்க்கில் கொட்டிவிடுகிறோம். நேர்மாறாகச் செய்து பாருங்கள்.

முதலில் கீரை. பாலக்கில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். எண்ணெயில் பச்சையாகப் போட்டு உப்பும் தூவினால் அத்தனையும் வெளியே வரும். அதனால் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தலைதட்டி இரண்டு தேக்கரண்டி உப்பு போட்டு, கால் கிலோ பாலக்கை அதில் அமிழ்த்துங்கள். 30 விநாடி போதும். இடுக்கியால் எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துப் பிழியுங்கள். முதல் பிழியலில் தண்ணீர் ஓடும். அத்துடன் நிறுத்திவிடாதீர்கள். உருண்டையைத் திருப்பி வைத்து மறுபடி, இன்னொரு தடவை, சொட்டு நிற்கும்வரை பிழிய வேண்டும். பாத்திரம் வழிய இருந்த கீரை கைக்குள் அடங்கும் உருண்டையாகிவிடும். அதை நறுக்கி, விரலால் உதிர்த்து வையுங்கள்.

அதே கொதிநீரில் 160 கிராம் பாஸ்தாவைப் போடுங்கள். தண்ணீர் இலேசாகப் பச்சையாக இருந்தால் பரவாயில்லை. தென் இத்தாலியின் புலியா பகுதியில் ஒரெக்கியெத்தே என்ற காது வடிவ பாஸ்தாவையும் டர்னிப் இனத்துக் கீரையையும் ஒரே பாத்திரத்தில்தான் வேகவைப்பார்கள். தண்ணீரில் எண்ணெய் ஊற்ற வேண்டாம். போட்ட முதல் நிமிடம் நன்றாகக் கிளறிவிட்டாலே ஒட்டாது.

பொட்டலத்தில் 10 நிமிடம் என்று இருந்தால் எட்டாவது நிமிடத்தில் ஒன்றை எடுத்துக் கடித்து, வெட்டுப்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக ஒரு சின்னப் புள்ளி தெரியும். அதுதான் எடுக்க வேண்டிய நேரம், மீதி வாணலியில் வேகும். வடிப்பதற்கு முன் ஒரு பெரிய கப் தண்ணீரை மறக்காமல் எடுத்து வையுங்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

பாஸ்தா வேகும் நேரத்தில் அகலமான வாணலியில் மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் ஊற்றி, சூடேறும் முன்பே மெல்லிசாக சீவிய நான்கு பூண்டுப் பற்களைப் போட்டு, சிறு தீயில் வையுங்கள். ஓரம் பொன்னிறமாக மாறத் தொடங்கியதும் கொஞ்சம் மிளகாய்த் துகள். பூண்டு கருகினால் தயங்காமல் எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள், அந்தக் கசப்பை வேறு எதுவும் மறைக்காது.

இப்போது பாஸ்தாவை வாணலிக்கு மாற்றி, எடுத்து வைத்த தண்ணீரில் அரைக் கப் ஊற்றி, தீயைக் கூட்டி, விடாமல் புரட்டுங்கள். அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் மாவுச்சத்து எண்ணெயையும் நீரையும் பிரியாமல் சேர்த்துப் பிடிக்கும். ஒன்றரை நிமிடத்தில் வாணலியின் சலசலப்பு அடங்கி, பளபளவென்று ஒரு குழம்பு பாஸ்தாமேல் படியும். வறண்டால் இன்னும் ஒரு கரண்டி ஊற்றலாம். கீரையைக் கடைசி அரை நிமிடத்தில் சேர்த்தால் போதும்.

நிறம் மாறுவதற்கு வருகிறேன். பச்சை நிறத்தைத் தரும் குளோரோபிலின் நடுவில் ஒரு மெக்னீசியம் அணு இருக்கிறது. நீண்ட நேரச் சூடும் புளிப்பும் அதை வெளியேற்றிவிடும், இலை பழுப்பாகிவிடும். ஆகவே எலுமிச்சைச் சாற்றைத் தட்டில் பரிமாறிய பிறகே பிழியுங்கள். தோல் துருவலை அடுப்பை அணைத்ததும் வாணலியிலேயே போடலாம், மணம் அதில்தான். சமையல் சோடா போட்டால் பச்சை நிற்கும் என்பது உண்மை. ஆனால் இலை கூழாகிவிடும், நான் போட மாட்டேன்.

சீஸ் வேண்டுமென்றால் அடுப்பை அணைத்து அரை நிமிடம் பொறுத்து, பொடியாகத் துருவிய பார்மேசானைத் தூவிப் புரட்டுங்கள். கொதிக்கும்போது போட்டால் திரிதிரியாகிவிடும்.

பாலக்குக்குப் பதில் கேல் போன்ற தடித்த இலை என்றால் நடுத்தண்டை உருவி எறிந்துவிட்டு மூன்று, நான்கு நிமிடம் வேகவிடுங்கள். சிறுநீரகக் கல்லுக்காக, கல் உருவாக உதவும் ஆக்சலேட் என்ற பொருளைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தாலும் கேல்தான் நல்லது, பாலக்கில் அது மிக அதிகம்.