முதல் உபயதாரர்

அன்புள்ள ஐயா,

சேலம் அம்மாப்பேட்டையில் நாலு தறி வைத்து ஓட்டிக்கொண்டிருப்பவன் நான். போன மாதம் எங்கள் பகுதியில் போதை ஒழிப்புக் கூட்டம் ஒன்று நடந்தது. மேடையில் மூன்று பேர். ஒருவர் கட்சிக்காரர், அவருடைய மச்சான்தான் இங்கே பார் ஏலம் எடுத்திருக்கிறார். இன்னொருவர் ஆன்மிகச் சொற்பொழிவாளர். கார் வாடகை, கவர் எல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் பற்றற்று வாழ்வது பற்றி ஆரம்பித்தார். மூன்றாமவர் டிவி காமெடி நடிகர்; குடிகாரன் வேஷம் போட்டே பேர் வாங்கியவர். கூட்டம் முடிந்ததும் ஜனங்கள் நடிகரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். பாதிப் பேர் நேராகக் கடைக்குப் போனார்கள்.

அரசியல், ஆன்மிகம், சினிமா மூன்றுமே ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தானே? எல்லாவற்றுக்கும் பேராசைதானே காரணம்? இந்த மூன்றில் யார் பெரிய வேஷக்காரர் என்று நினைக்கிறீர்கள்?

இன்னொரு விஷயம். எங்கள் தெரு மாரியம்மன் பண்டிகைக் கமிட்டிக்கு நான் பொருளாளர். வருகிற ஆடிக்கு அந்த பார்காரர் 25,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். வாங்கி வைத்திருக்கிறோம். நோட்டீஸ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. மனசு சரியில்லை. என் பெயர் போட வேண்டாம்.

அம்மாப்பேட்டை வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

குட்டை, மட்டை என்று மூன்று பேரையும் சேர்த்துக் கட்டிவிட்டால் அந்த மூன்று பேருக்குமே நிம்மதிதான். எல்லாரும் திருடன் என்று ஊர் முடிவுகட்டிவிட்டால் எந்தத் திருடனிடமும் யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை. பேராசை என்று சொல்வதும் அப்படித்தான். ஆசை எனக்கும் உண்டு, உங்களுக்கு நூல் தருகிறவருக்கும் உண்டு. ஆசைப்பட்டதற்காக மட்டும் ஒருவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. ஒழுக்கத்தைப் பேசி மரியாதையைத் தான் வாங்கிக்கொண்டு, அதற்கு ஆகும் செலவை மட்டும் அடுத்தவன் தலையில் கட்டுகிறாரே, அவரிடம்தான் வருகிறது. நீங்கள் மது விஷயத்தை எடுத்தது நல்லதாகப் போயிற்று. இதில் உங்கள் ஊருக்கு இருக்கும் பூர்வகதை வேறு ஊருக்கு இல்லை.

1937 அக்டோபர் 1. ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராகி (முதலமைச்சரை அன்று அப்படித்தான் சொன்னார்கள்) மூன்று மாதம்கூட ஆகவில்லை. மதுவிலக்கை முதலில் நடத்திப் பார்க்க அவர் எடுத்துக்கொண்டது சேலம் மாவட்டம். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அன்றைக்கு அதற்குள் அடக்கம். அவர் வக்கீல் தொழில் பார்த்த ஊர், நகராட்சித் தலைவராக இருந்த ஊர். கள்ளு, சாராயத்தில் வந்த பணம் மாகாண வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கு. அதை விட்டுவிட்டு சர்க்காரை எதை வைத்து ஓட்டுவது? அவர் ஒளிவுமறைவு இல்லாமல் பதில் சொன்னார்: 1939-இல் பொது விற்பனை வரி. இந்தியாவில் அப்படி ஒரு வரியைப் போட்ட முதல் மாகாணம் சென்னைதான். வியாபாரிகள் கொதித்தார்கள். இன்று நூலுக்கு நீங்கள் கட்டும் ஜிஎஸ்டிக்குப் பாட்டன் அந்த வரி.

ராஜாஜியின் அரசியலில் எனக்கு ஒத்துவராத இடங்கள் நிறைய. மரமேறிப் பிழைத்த குடும்பங்களை அந்தச் சட்டம் என்ன பாடு படுத்தியிருக்கும் என்பதையும் மறக்கவில்லை. ஆனாலும் ஒன்று. குடியை ஒழிக்கிறேன் என்று சொன்னவர், அதற்கு இவ்வளவு செலவாகும், அதை நீங்கள்தான் தரவேண்டும் என்று வியாபாரியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அதற்கப்புறம் மதுவிலக்கு பேசிய எத்தனை பேர் அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னார்கள்? கடைசியில் என்ன ஆயிற்று என்றால், மதுவிலக்கு போய்விட்டது, விற்பனை வரி நிலைத்துவிட்டது.

இங்கே பெரியாரையும் சொல்ல வேண்டும். காங்கிரஸில் இருந்த காலத்தில், 1921-இல், கள்ளுக்கு எதிராகச் சேலம் தாதம்பட்டியில் இருந்த தன் தோப்பில் நூற்றுக்கணக்கான தென்னைகளை வெட்டிச் சாய்த்தவர் அவர். சொந்தத் தோப்பு, சொந்த நஷ்டம். பின்னாளில் மதுவிலக்கே கூடாது என்று வெளிப்படையாகப் பேசினார். 'பாருங்கள், மாறிவிட்டார்' என்று இதைச் சுட்டிக்காட்டுகிறவர்கள் உண்டு. மாறினால் என்ன? முதலில் ஒன்றை நம்பி அதற்கான விலையைக் கொடுத்தார், பிறகு வேறொன்றை நம்பி அதையும் மேடையிலேயே சொன்னார். இதை வேஷம் என்று சொன்னால் உண்மையான வேஷத்துக்கு நம்மிடம் வார்த்தை மிஞ்சாது.

1971-இல் கருணாநிதி மதுவிலக்கைத் தள்ளிவைக்க முடிவெடுத்தபோது, 92 வயதில் ராஜாஜி கொட்டும் மழையில் அவர் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடைகள் திறந்தன, 1974-இல் மூடின. 1981-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தன. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 2003-இல் ஜெயலலிதா சில்லறை விற்பனையையும் அதன் கையில் கொடுத்தார். ஏற்காடு அடிவாரத்துக்குப் போகிற வழியில் மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு நிற்கிறதே, கருணாநிதியும் எம்.ஜி.ஆரும் இளமையில் வேலை பார்த்த இடம் அது. திரையில் மதுவையும் சிகரெட்டையும் கூடியவரை தவிர்த்தே ஜனங்களிடம் பெயர் வாங்கியவர் எம்.ஜி.ஆர். சாராயக்கடைக்கு மறுபடி கதவு திறந்ததும் அவர் கையெழுத்துதான். திரையில் காத்த விரதத்துக்கு அவர் வருமானத்தில் ஒரு காசும் குறையவில்லை, கோட்டையில் காத்திருந்தால் கஜானாவில் துண்டு விழுந்திருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

இதைவிட வேடிக்கை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அன்று சேலத்துக்காக வந்த 1937-ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டம் ரத்தாகவில்லை. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் என்ற பெயரில் இன்றும் உயிரோடு இருக்கிறது. டாஸ்மாக் கடைகள் நடப்பது அந்தச் சட்டத்தின் கீழ் 2003-இல் போட்ட விதிகளின்படிதான்! கவனிக்கும் துறைக்குப் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மாநகராட்சிப் பகுதியில் 50 மீட்டர், கிராமத்தில் 100 மீட்டர் தள்ளிக் கடை இருக்க வேண்டும் என்று ஒரு விதி. அப்புறம், வணிகப் பகுதி என்று குறித்த இடத்தில் அந்த விதி பொருந்தாது என்று அதற்கே ஒரு விலக்கு.

இரண்டு கழகங்களையும் நான் சமமாகத் திட்டுகிறேன் என்று யாராவது எழுதுவார்கள். எழுதட்டும். 2016 தேர்தலில் படிப்படியாக மதுவிலக்கு என்றார் ஜெயலலிதா, முழு மதுவிலக்கு என்றது தி.மு.க. ஜெயலலிதா ஜெயித்து 500 கடைகளை மூடினார், அவருக்குப் பின் எடப்பாடி பழனிசாமி இன்னொரு 500. 2021-இல் தி.மு.க.வின் அறிக்கையில் அந்த வாக்குறுதியே இல்லை, 2023-இல் அவர்களும் 500 கடைகளை மூடினார்கள். அந்த 2023-24-இல் மதுவில் அரசுக்கு வந்தது சுமார் 45,800 கோடி ரூபாய். ஜிஎஸ்டி வந்த பிறகு மாநிலம் தன் இஷ்டத்துக்கு வரி ஏற்றக்கூடிய சரக்குகள் பெரும்பாலும் இரண்டுதான்: பெட்ரோல் டீசல், மது. யார் வந்தாலும் கடையை மூடக் கை வராததற்கு இது பெரிய காரணம். ஒரு அமைச்சர் எழுந்து 'இந்தப் பணத்தில்தான் சம்பளம் போடுகிறோம், மூடினால் இன்ன வரியைக் கூட்டுவோம், சம்மதமா' என்று கேட்டால் அவருக்கு எழுந்து நின்று கும்பிடு போடுவேன். கேட்க மாட்டார். கேட்டால் நாம் ஓட்டுப் போடுவோமா என்பது அடுத்த கேள்வி.

காந்தி ஜெயந்திக்குக் கடை அடைப்பு. திருவள்ளுவர், வள்ளலார், மகாவீரர், நபிகள் நாயகம் பேரில் வரும் நாட்களிலும் அடைப்பு. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் அக்டோபர் 1 சாயங்காலம் போய்ப் பாருங்கள், அதாவது உங்கள் ஜில்லாவில் மதுவிலக்கு வந்த அதே தேதியில். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நசுங்கிய நோட்டுகளோடு ஒரே கை மயம். ஒரு குவாட்டர் வாங்க வந்தவர் மூன்று கேட்பார். ஒன்று வேட்டி மடிப்பில், இரண்டு மஞ்சப்பையில். பின்னால் நிற்பவர் 'அண்ணா, நாளைக்கு லீவு, எங்களுக்கும் மிச்சம் வைங்க' என்பார். மகாத்மாவின் பேரில் ஒரு நாள் கடையை மூடுகிறோம், முந்தின நாளே அந்த வியாபாரத்தையும் முடித்துவிடுகிறோம்.

சினிமாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கதாநாயகன் பாரில் ஆடிக்கொண்டிருக்க, கீழே மூலையில் பொடி எழுத்தில் உடல்நலத்துக்குக் கேடு என்று ஒரு வரி. டிவியில் மது விளம்பரம் கூடாது என்பதால் அதே பெயரில் சோடா விளம்பரம் வரும். சோடாவுக்கு யார் அவ்வளவு செலவு செய்வார்கள் என்று குழந்தைகூடக் கேட்கும். உங்கள் காமெடி நடிகரை நான் விட்டுவிடுவேன். அவர் குடிகாரனாக நடிப்பது தொழில். கூட்டத்துக்கு வந்ததும் தொழில்தான்.

கோயில் விஷயம் வேறு. சேலம் பக்கத்து முனியப்பன் கோயில்கள் பலவற்றில் சாராயமும் சுருட்டும் படையலில் வைப்பார்கள். பெரிய மீசை, உருட்டி விழிக்கும் கண், கையில் அருவாள். பாட்டிலைத் திறந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, மிச்சத்தைப் பங்காளிகள் அங்கேயே குடிப்பார்கள். சுத்தபத்தம் பேசுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் அந்த இடத்தில் பொய் கிடையாது. சாமிக்கும் தெரியும், ஆசாமிக்கும் தெரியும். ஓமலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றின் பண்டிகை நோட்டீஸ் ஒருமுறை என் கைக்கு வந்தது. ரோஸ் காகிதம், மேலே அம்மன் படம், உபயதாரர் வரிசையில் முதல் பெயர் பார் நடத்துகிறவர். அன்னதானம் அவர் செலவு. கடைசியில் ஒரு கட்டம் கட்டி, மது அருந்திவிட்டுத் தேர் வடம் தொடக் கூடாது, மீறுபவர்மேல் காவல்துறை நடவடிக்கை எடுக்கும் என்று போட்டிருந்தது. பாட்டில் வாங்கியவனுக்குப் போலீஸ், பார் நடத்தியவருக்குப் பரிவட்டம்.

எல்லாக் கடையையும் நாளைக்கே மூடு என்று நான் சொல்லவில்லை. மூடினால் கள்ளச்சாராயம் வரும் என்கிற வாதத்தையும் நம்பவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்தபோது கடைகள் திறந்துதான் இருந்தன. குவாட்டர் விலை கட்டுப்படியாகாத கூலி ஜனம் பாக்கெட் சாராயத்துக்குப் போயிற்று. உங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரிக்கும் பலரைக் கொண்டுவந்தார்கள். கள்ளை 1987-இலிருந்து தடையில் வைத்துக்கொண்டு பிராந்திக்கு ஊருக்கு ஊர் கடை வைத்திருப்பது எந்த ஆரோக்கியக் கொள்கை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

யார் பெரிய வேஷக்காரர் என்று கேட்டீர்கள். அந்த மேடையில் இருந்த மூவரில் கட்சிக்காரர்தான். சொற்பொழிவாளர் பேச்சை விற்றார், நடிகர் முகத்தை விற்றார், இரண்டுக்கும் விலை ஊருக்குத் தெரியும். கட்சிக்காரர் மட்டும்தான் மச்சானின் பாரிலிருந்து லாபத்தையும் மேடையிலிருந்து புண்ணியத்தையும் ஒரே சாயங்காலத்தில் எடுத்துக்கொண்டு போனார்.

அந்த 25,000 ரூபாய்க்கு வருவோம். திருப்பிக் கொடுத்தால் உங்கள் மனசு லேசாகும், சந்தேகமில்லை. ஆனால் பந்தல்காரருக்கும் மேளக்காரருக்கும் நீங்கள் அட்வான்ஸ் கொடுத்திருப்பீர்கள். கமிட்டியில் மற்றவர்கள், வந்த லட்சுமியைத் திருப்பி அனுப்பிவிட்டான் என்று பேசுவார்கள். அந்தத் தொகையைத் தெருவில் வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து வசூலிக்க முடியுமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். சரி என்றால் பணத்தை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இல்லை, பார்காரர் பணமே இருக்கட்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நோட்டீஸில் 'தொழிலதிபர்' என்று போடாதீர்கள். பெயருக்குக் கீழே 'பார் ஏலதாரர்' என்றே அச்சடியுங்கள். அவர் மறுத்தால் என்ன காரணம் சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.