ஆன்லைனில் வைர மோதிரம் வாங்கும்போது 'சர்டிபிகேட்' எதற்கு?

நிச்சயதார்த்த மோதிரத்தை ஆன்லைனில் வாங்கலாமா, அந்த சர்டிபிகேட் என்பது என்ன என்று கேட்பவர்களுக்கு: வாங்கலாம். சர்டிபிகேட் என்பது ஜிஐஏ, ஐஜிஐ போல விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஓர் ஆய்வகம், கல்லின் எடை, நிறம், உள்ளே இருக்கும் குறைகள், வெட்டு இவற்றைப் பார்த்து எழுதித் தரும் அறிக்கை. ஏன் தேவை? ஒரே எடையுள்ள இரண்டு கற்கள் போட்டோவில் ஒரே மாதிரி மின்னும், விலையோ பல மடங்கு வித்தியாசப்படும். அதிலும் ஆய்வகத்தில் செயற்கையாக வளர்த்ததா, பூமியிலிருந்து எடுத்ததா என்பதை வெறும் கண்ணால் சொல்லவே முடியாது, இரண்டுமே கார்பன்தான், ஆனால் வளர்த்தது ரொம்ப மலிவு.

அறிக்கையில் இருக்கும் எண்ணை, அதைத் தந்த ஆய்வகத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பல கற்களின் விளிம்பில் அதே எண் லேசரால் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய பைக் வாங்கும்போது ஆர்சி புக்கையும் சேசிஸ் நம்பரையும் ஒப்பிடுவோமே, அதே மாதிரி மோதிரம் வந்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், தெரிந்த நகைக்கடையில் லென்ஸ் வைத்து அந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள். விற்கும் கடையே அச்சடித்துத் தரும் 'ஒரிஜினல்' கார்டு சர்டிபிகேட்டில் சேராது.

அப்புறம், பிஐஎஸ் ஹால்மார்க் இருக்கிறதே என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அது தங்கத்தின் தரத்துக்கு மட்டும், 18 காரட் என்றால் 750 (ஆயிரத்தில் 750 பங்கு தங்கம்) என்று இருக்கும், வைரத்தைப் பற்றி அது எதுவுமே சொல்வதில்லை.