நீராவியா, கிளிப்பா, சுரண்டலா?

கேள்வி: எனக்கு வயது 63. இரவில் நாலு தடவை எழுந்து சிறுநீர் கழிக்கப் போகிறேன். போய் நின்றாலும் உடனே வருவதில்லை, வந்தால் நூலாக வருகிறது. சிறுநீர் எளிதாக வர இரண்டு வருடமாக டாம்சுலோசின் மாத்திரை. படுக்கையிலிருந்து எழுந்தால் தலை சுற்றுகிறது. ஸ்கேனில் புராஸ்டேட் 55 கிராம். டாக்டர் டி.யு.ஆர்.பி. ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்கிறார். அதற்குப் பிறகு விந்து வெளியே வராதாமே? நண்பர் ஒருவர் நீராவிச் சிகிச்சை செய்துகொண்டு அன்றே வீடு திரும்பிவிட்டார். எனக்கும் அது சரிப்படுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: சிறுநீரகவியல் மருத்துவனாக முப்பது வருடம் இந்தக் கதையைக் கேட்டவன் நான். மூன்று வருடமாக நானும் அதே மாத்திரைதான் சாப்பிடுகிறேன். எந்த மண்டபத்துக்குப் போனாலும் முதலில் கழிவறை எந்தப் பக்கம் என்று பார்க்கிற ஜாதி! எனவே கூச்சப்படாமல் பேசலாம்.

டி.யு.ஆர்.பி. என்பது சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவியை விட்டு, அந்தப் பாதையை அடைக்கும் புராஸ்டேட் சுரப்பியின் சதையைச் சுரண்டி எடுப்பது. சிறுநீர் ஓட்டம் நன்றாகவே சீராகும். நீங்கள் கேள்விப்பட்டதும் சரிதான்: பெரும்பாலோருக்கு விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். உடலுக்குக் கெடுதல் இல்லை, உச்ச உணர்வும் பொதுவாக இருக்கும். ஆனாலும் விந்து வெளிவருவதை இழக்க விரும்பாதவர்களுக்குத்தான் புது முறைகள் முக்கியம்.

நண்பர் செய்துகொண்டது ரெஸூம் (Rezum) என்ற நீராவிச் சிகிச்சையாக இருக்க வேண்டும். மெல்லிய ஊசி வழியாக, ஒவ்வொரு இடத்திலும் 9 விநாடி, சுரப்பிக்குள் நீராவி பாய்ச்சுவார்கள். நீராவி பட்ட சதை செத்து, உடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். அன்றே வீடு என்பது உண்மை. கூடவே ஒரு டியூபும் வீட்டுக்கு வந்திருக்குமே, அதைச் சொன்னாரா? வெந்த இடம் முதலில் வீங்கும் என்பதால் சில நாள், சிலருக்கு ஒரு வாரம், சிறுநீரை வெளியேற்றும் அந்த டியூப் (கதீட்டர்) இருக்கும். எடுத்த பிறகும் எரிச்சல், அவசரம், கொஞ்சம் ரத்தம். என்னிடம் செய்துகொண்ட ஒருவர் பத்தாம் நாள் போன் செய்து, "முன்னால இருந்ததே தேவலை டாக்டர்" என்று திட்டினார். இரண்டாம் மாதம் இனிப்போடு வந்தார். முழுப் பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம்.

யூரோலிஃப்ட் வேறு மாதிரி. திரையை இரண்டு பக்கமும் ஒதுக்கிக் கட்டுவதுபோல, சதையைக் குட்டிக் கிளிப்புகளால் விலக்கி வைப்பார்கள். எதையும் வெட்டுவதோ எரிப்பதோ இல்லை, பலன் சீக்கிரம் தெரியும், பலருக்கு டியூபே வேண்டாம். ஆனால் டி.யு.ஆர்.பி. அளவுக்கு ஓட்டம் கிடைக்காது, சில வருடத்தில் மறுபடி ஏதாவது செய்ய வேண்டி வருவதும் உண்டு. தொடை அல்லது மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியாகப் போய், சுரப்பிக்குப் போகும் ரத்தத்தை அடைக்கும் எம்போலைசேஷன் முறையும் இருக்கிறது. ரொம்பப் பெரிய சுரப்பியும் மயக்க மருந்து தாங்காத உடம்பும் உள்ளவர்களுக்கு அதை யோசிப்போம்.

உங்கள் 55 கிராம் நீராவிக்கும் கிளிப்புக்கும் பொருந்தும் அளவுதான். இரண்டுமே பொதுவாக 30 முதல் 80 கிராம் வரை. ஆனால் அளவு மட்டும் போதாது. சுரப்பியின் நடுப்பகுதி (நடுமடல்) சிறுநீர்ப்பைக்குள் துருத்திக்கொண்டிருந்தால் கிளிப்பைவிட நீராவி மேல். போய் முடித்த பிறகு பையில் எவ்வளவு சிறுநீர் தங்குகிறது என்றும் கேளுங்கள். ஒரேயடியாக அடைத்து டியூப் போட்டிருந்தாலோ, பையில் கல் சேர்ந்திருந்தாலோ, சிறுநீரகம் வீங்கியிருந்தாலோ உங்கள் டாக்டர் சொன்னதையே நானும் சொல்வேன்.

அப்புறம், அந்தத் தலைசுற்றல். மாத்திரையால் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம். டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவரை இரவில் எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நில்லுங்கள்.