ஆர்.சி.யில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியிலிருந்து பாளையங்கோட்டைக்குத் தினமும் வேலைக்குப் போகும் பள்ளி ஆசிரியை நான். போக வர எழுபது கிலோமீட்டருக்கு மேல். மகளையும் அதே பள்ளியில் சேர்த்திருப்பதால் பஸ் கட்டுப்படியாகவில்லை. மூன்று லட்சத்தை ஒட்டிப் பழைய கார் பார்க்கிறோம். தெரிந்தவர் மூலம் வந்த புரோக்கர் இரண்டு வண்டி காட்டினார். ஒன்று 2013 ஸ்விஃப்ட் டீசல். டாக்டர் ஓட்டியது, சிங்கிள் ஓனர், 62,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, விலை 3.10 லட்சம். இன்னொன்று 2015 வேகன்ஆர் பெட்ரோல், 2.75 லட்சம். அதன் ஓனர் தவறிவிட்டார், மகன் விற்கிறார். "அப்பா கையெழுத்துப் போட்ட பாரம் இருக்கு டீச்சர், பேப்பருக்குக் கவலைப்படாதீங்க" என்கிறார் புரோக்கர். தினசரி ஓட்டத்துக்கு டீசல்தான் லாபம் என்று வீட்டில் சொல்கிறார்கள். எதை எடுக்கலாம்?

பதில்: வேகன்ஆரை எடுக்கலாம். ஆனால் அந்தக் கையெழுத்துப் போட்ட பாரத்தைக் கையால்கூடத் தொடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் டீசல் கணக்கை முடித்துவிடுவோம், வீட்டில் கேட்பார்கள்.

பள்ளி ஆண்டுக்கு 220 நாள் என்று வைத்துக்கொண்டால் உங்கள் ஓட்டம் வருடத்துக்குச் சுமார் 16,000 கிலோமீட்டர். மே மாதம் வண்டி வேப்பமர நிழலில்தான் நிற்கும். வேகன்ஆர் லிட்டருக்கு 17, ஸ்விஃப்ட் டீசல் 20 என்று கொஞ்சம் கஞ்சத்தனமாகவே போடுவோம். பெட்ரோல் நூற்றுச் சொச்சம், டீசல் தொண்ணூற்றுச் சொச்சம் என்ற இன்றைய விலையில் டீசல் வண்டி வருடத்துக்கு இருபதாயிரம் ரூபாய் போல மிச்சம் பிடிக்கும். சின்னத் தொகை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். நல்ல டீசல் வண்டி என்றால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் பத்து வருடம் தாண்டிய டீசலில் இன்ஜெக்டர், டர்போ, கிளட்ச் மூன்றும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் கைவிடும். அதில் இரண்டு வந்தாலே இரண்டு மூன்று வருட மிச்சம் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடும். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார் செய்வதையே நிறுத்திவிட்டது. அப்புறம் ஆயுள் கணக்கு: தனியார் காருக்குப் பதிவு 15 வருடம். 2013 வண்டிக்கு 2028-ல் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. 2015 வண்டிக்கு 2030 வரை அந்தத் தலைவலி இல்லை.

அந்த "டாக்டர் வண்டி"க்கு வருவோம். எங்கள் பக்கத்தில் விற்பனைக்கு வரும் பழைய கார்களையெல்லாம் ஓட்டுவதற்கு இத்தனை டாக்டர்கள் இருந்தால் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் அவ்வளவு வரிசை ஏன் நிற்கிறது? டீசல் காருக்கு அதிக விலை கொடுத்து வாங்கியவர் யாரும் வருடத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி வைக்க மாட்டார். மீட்டரைக் குறைக்க ஒரு லேப்டாப்பும் அரை மணி நேரமும் போதும். உங்களுக்கு வேண்டியது வண்டி நம்பரைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் ஹிஸ்டரி கேட்பது. ஓனரையே கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே பதில். கிளட்ச் பெடலின் ரப்பரையும் பாருங்கள். வரி வரியாக இருக்க வேண்டிய ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்க, மீட்டர் மட்டும் 62,000 காட்டினால் எதை நம்புவது என்று நான் சொல்ல வேண்டாம். ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள்.

நான் விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸுக்கு நஷ்டம் மதிப்பிடும் வேலையில் இருக்கிறவன். அதனால் இந்த ஊரில் கார் வாங்குகிறவர்களிடம் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வெள்ளம் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நெல்லை ஜங்ஷன், வண்ணார்பேட்டை முதல் ஸ்ரீவைகுண்டம், ஏரல் வரை நின்ற இடத்திலேயே மூழ்கிய கார்கள் எத்தனையோ. முழு நஷ்டம் என்று இன்சூரன்ஸ் பணம் கொடுத்த வண்டியைக் காயலாங்கடையில் நசுக்கிவிடுவார்கள் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. சால்வேஜ் என்று ஏலம் எடுப்பார்கள். கழுவி, சீட் கவர் மாற்றி, வாசனை அடித்து, கொஞ்ச நாள் கழித்து வேறு ஊரில் நிறுத்துவார்கள். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். மூழ்கிய வண்டி என்று ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், ஒரு வரி போட்டால் முடிந்தது. போட மாட்டார்கள்.

சீட் பெல்ட்டை கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சாதாரணமாக நாம் இழுப்பது பாதிதான். மீதிப் பாதி தூணுக்குள் சுருண்டே இருக்கும், கழுவுகிறவன் கை அங்கே போகாது. முழுக்க இழுத்தால் கடைசி ஒரு சாண் நாடாவில் குறுக்கே பழுப்பாக ஒரு கோடு, விரலால் தேய்த்தால் மாவு மாதிரி வண்டல் உதிரும். அது ஆற்று வண்டல். அப்படி இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், விலை பேசாதீர்கள். டிக்கியில் ஸ்டெப்னி டயரைத் தூக்கி அந்தக் குழியையும், முன் சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்க்ரூக்களையும் செல்போன் லைட் அடித்துப் பாருங்கள். காருக்குள் இருக்கும் இரும்பு சும்மா துருப்பிடிக்காது.

வண்டி ஓடுமா என்பதை உங்கள் மெக்கானிக் பார்க்கட்டும். புரோக்கர் கூட்டிவரும் மெக்கானிக் வேண்டாம், அவருக்கும் அந்தக் கமிஷனில் பங்கு உண்டு. காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குப் போங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். கண்ணாடிகளின் மூலையில் இருக்கும் முத்திரை எழுத்துகள் ஒன்றில் மட்டும் வேறு மாதிரி இருந்தால் அந்தப் பக்கம் அடி வாங்கியிருக்கலாம், கேளுங்கள். டயரின் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. பட்டன் (டயரின் மேல் வெட்டு) எவ்வளவு இருந்தாலும் ஆறேழு வருட டயரோடு மகளை உட்கார வைத்து ஓட்டாதீர்கள், டயர் விலையைக் கழித்துப் பேசுங்கள். பங்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், 2015 வண்டி அதை நினைத்துச் செய்ததில்லை. பெட்ரோல் ஹோஸ்களையும் ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாப் புதுக் காருக்கும் ஏ.பி.எஸ். பிரேக் (திடீரென்று மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாதது), டிரைவர் ஏர்பேக் கட்டாயமானது 2019-ல்தான். உங்கள் விலையில் அவை இல்லாமலும் இருக்கலாம். அதனால் மழையில் சேரன்மகாதேவி ரோட்டில் நிதானமாகவே போங்கள்.

இனி பேப்பர். நான் உண்மையில் பேச வந்தது இதைத்தான்.

விற்கிறவர் விற்றதைத் தெரிவிப்பது பாரம் 29. வாங்குகிறவர் பெயர் மாற்றக் கேட்பது பாரம் 30. நம் ஊரில் புரோக்கர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், இரண்டிலும் வெறும் கையெழுத்து வாங்கி, வாங்குபவர் பெயரும் தேதியும் எழுதாமல் டாஷ்போர்டில் போட்டுக்கொள்கிறார்கள். வண்டி நான்கு கை மாறும், ஆர்.சி.யில் முதல் ஆளே இருப்பார். 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: விற்று, கை மாறி எங்கே போயிருந்தாலும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு. விற்றவருக்கு அது பயம். வாங்கியவருக்கு வேறு பயம். வண்டி அடிபட்டால் உங்கள் சொந்த நஷ்டத்துக்கு இன்சூரன்ஸ் ஒரு பைசா தராது, ஏனென்றால் பாலிசி உங்கள் பெயரில் இல்லை. மூன்றாம் நபர் பாதுகாப்பு, அதாவது வண்டியால் மற்றவருக்கு நேரும் நஷ்டத்துக்கானது, மட்டும்தான் வண்டியோடு கூடவே வரும்.

இப்போது உங்கள் வேகன்ஆர். கையெழுத்துப் போட்டவர் இறந்துவிட்டார். இறந்த பிறகு அந்தக் கையெழுத்தை வைத்து விற்றதாகக் காட்டினால் அது பொய் ஆவணம். "இறப்பதற்கு ஒரு வாரம் முந்தின தேதி போட்டுக்கலாம் டீச்சர், எல்லாரும் செய்றதுதான்" என்று புரோக்கர் அடுத்து சொல்வார். எல்லாரும் செய்வதில்லை, மாட்டாதவர்கள் செய்கிறார்கள். மும்பையில் இருக்கும் மகள் ஒருத்தி, எனக்குத் தெரியாமல் அப்பா வண்டியை விற்றுவிட்டான் என்று ஸ்டேஷனில் ஒரு மனு கொடுத்தால், சம்பளம் வாங்கும் ஆசிரியையாகிய நீங்கள்தான் போய் நிற்பீர்கள். புரோக்கர் போன் ஸ்விட்ச் ஆஃப்.

நேர் வழி ஒன்று உண்டு. ஓனர் இறந்தால் பெயர் மாற்ற பாரம் 31 என்று தனியாகவே இருக்கிறது. இறந்த 30 நாளுக்குள் தகவல் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தாமதமானால் அபராதம் கட்டிச் செய்துகொள்ளலாம், கதவு அடைபடாது. இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், அதில் பெயர் உள்ள மற்ற எல்லாரும் "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று எழுதித் தருவது, இவை வேண்டும். வாரிசு என்றால் மகன் மட்டும் இல்லை. அம்மா, அக்கா, தங்கை, சான்றிதழில் பெயர் இருந்தால் பாட்டியும்கூட. இப்படி முதலில் மகன் பெயருக்கு மாறிய பிறகு மகன் உங்களுக்கு 29-ம் 30-ம் போட வேண்டும். ஆர்.சி.யில் முன்கூட்டியே நாமினி பெயர் சேர்த்திருந்தால் வேலை சுலபம், அந்த வசதி 2021-ல் வந்தது. 2015-ல் பதிவான வண்டியில் யாரும் மெனக்கெட்டு அதைச் சேர்த்திருக்க மாட்டார்கள், இருந்தாலும் கேட்டுப் பாருங்கள். சேர்த்திருந்து, நாமினி அம்மா என்றால் விற்க வேண்டியவர் அம்மா, மகன் இல்லை.

அப்பா பெயரிலிருந்து மகனுக்கு ஒரு மாற்றம், மகன் பெயரிலிருந்து உங்களுக்கு ஒரு மாற்றம், இரண்டு கட்டணம், இரண்டு நடை. இறப்பைப் பதிவு செய்வதும் அரசு, வாகனத்தைப் பதிவு செய்வதும் அரசு, ஆனால் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது. ஆன்லைனில் எல்லாவற்றையும் ஏற்றிப் பணமும் கட்டிவிட்டு, அதையே அச்செடுத்துக்கொண்டு போய் வரிசையில் நிற்க வேண்டும். புரோக்கர் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான். மகனுக்கு அலுப்பு, வாங்குபவருக்கு அவசரம், நடுவில் தேதி போடாத ஒரு காகிதம்.

ஆகவே மகனிடம் நேரில் சொல்லுங்கள்: "வண்டி பிடித்திருக்கிறது தம்பி, உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டு வாருங்கள், சொன்ன விலை தருகிறேன்." அட்வான்ஸ் பத்தாயிரத்துக்கு மேல் வேண்டாம். அதுவும் மகனின் பேங்க் கணக்குக்கு, புரோக்கர் கையில் இல்லை. பேப்பர் வராவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். பாக்கிப் பணம் பெயர் மாற்ற விண்ணப்பம் பதிவான அன்று. லோன் போட்டு வாங்கிய வண்டியா என்று அரசின் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். பேங்க் பெயர் இன்னும் இருந்தால் அதை நீக்கும் பாரம் 35-ம் பேங்க் கடிதமும் வேண்டும். பழைய ஈ-சலான் (போக்குவரத்து அபராதம்) பாக்கி இருந்தால் அதைக் கட்டுவது விற்பவர் பொறுப்பு.

அப்புறம், கேரளாப் பதிவு வண்டி இதைவிட ஐம்பதாயிரம் குறைவு என்று செங்கோட்டை பக்கத்திலிருந்து ஒருவர் கூப்பிடுவார். அங்கே என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி, இங்கே வரி கட்டி, புது நம்பர் போட்டு முடிக்கும்போது அந்த ஐம்பதாயிரம் இருக்காது. வேண்டவே வேண்டாம்.

பெயர் மாறியதும் 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) அவருக்குத்தான், உங்களுக்கு வராது, பிரீமியம் கூடுகிறதே என்று பதறாதீர்கள். புது ஆர்.சி. இப்போது தபாலில்தான் வீட்டுக்கு வருகிறது. விண்ணப்பத்தில் முகவரியும் செல்போன் நம்பரும் உங்களுடையதாக இருக்கட்டும். "என் நம்பரையே போட்டுக்கிடுதேன், நீங்க எதுக்கு அலையுதீங்க" என்று புரோக்கர் சொன்னால் போனைக் கையில் கொடுக்காமல் நீங்களே டைப் செய்யுங்கள். நாளைக்கு அந்த வண்டியைப் பற்றிய ஓ.டி.பி. எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும்.