மிழினியா, பேச்சியா?

அன்புள்ள அம்மா,

ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். ஐந்து மாதப் பெண் குழந்தை இருக்கிறாள். யாருக்கும் இல்லாத பெயராக வைக்க வேண்டும் என்று, மாசமாக இருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதி எழுதி அடித்து, 'மிழினி' என்று நானே உண்டாக்கினேன். மழலை பேசுவதை மிழற்றுதல் என்பார்களே, அதிலிருந்து.

மாமியாருக்கு வாயில் நுழையவில்லையாம். "மிளினியா? பால்பொடி பேரு மாதிரில்லா இருக்கு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். தொட்டில் போட்ட அன்று காதில் பெயரைச் சொல்லச் சொன்னால், நாத்தனார் குலதெய்வப் பெயரை, 'பேச்சியம்மாள்' என்று மூன்று முறை சொல்லிவிட்டாள். வீட்டுக்காரரோ, "ரெண்டும் நல்ல பேருதானே, விடு" என்கிறார். அந்த நோட்டை அவர் திறந்துகூடப் பார்த்ததில்லை.

மாமியார் வேண்டுமென்றே 'ஏளா பேச்சி' என்றுதான் கூப்பிடுகிறார். அடுத்த மாதம் லீவு முடிந்து நாங்கள் சென்னைக்குக் கிளம்புகிறோம், குழந்தை கொஞ்ச நாள் அவரிடம் இருக்கட்டும் என்று முடிவாகியிருக்கிறது, அதற்குள் இந்தப் பெயர்ப் பிரச்சினை தீர வேண்டும். நேற்று மிழினி என்று கூப்பிட்டேன், திரும்பவில்லை. அவர் பேச்சி என்றதும் பொக்கை வாயைக் காட்டிச் சிரிக்கிறாள். சான்றிதழிலும் பெயர் ஏறவில்லை. அது நான் உண்டாக்கிய பெயர் அம்மா. இவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்:

அன்பு மகளே,

கடிதம் முழுக்கப் பெயர்தான். குழந்தையை விட்டுவிட்டுப் போகப்போவதை மட்டும் நடுவில் ஒரு வரியில் சொல்லித் தாண்டிவிட்டீர்கள். அந்த முடிவை எடுத்தது யார்? உங்களைக் கேட்டார்களா? பெயருக்கு இவ்வளவு மல்லுக்கு நிற்கிற நீங்கள், பிள்ளை எங்கே வளர வேண்டும் என்று வாய் திறக்கவேயில்லையே!

திறந்தால் "அப்போ வேலையை விடு" என்பார்களோ என்ற பயம் இருந்திருக்கும். நீங்கள் பக்கத்தில் இல்லாவிட்டாலும் நீங்கள் வைத்த பெயராவது அவளோடு இருக்கட்டும் என்று தவிக்கிறீர்கள். அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது.

ஆனால் மாமியார் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. பால்பொடி என்று சிரித்தது தப்பு, நாத்தனார் செய்ததும் தப்பு. அதற்காக, ஒரு பிள்ளைக்கு இரண்டு பெயர் என்பது நம் ஊரில் புதிதா? தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்துவிட்டு, மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாதென்று கூப்பிட வேறு பெயர் வைத்த வீடுகள் எத்தனை! நெல்லையில் காந்திமதி, சங்கரன்கோவிலில் கோமதி, தென்காசியில் உலகம்மாள் என்று அம்மன் பெயரை வைத்தே பெண் பிள்ளைகளை வளர்த்தவர்கள் நாம். பேச்சி என்று கூப்பிடும்போது உங்கள் மாமியார் பிள்ளையை அம்மன் காவலில் விடுகிறார். அதில் வேண்டுமென்றே செய்வதைப் பார்ப்பது உங்கள் பயம். இந்த வயதில் குழந்தை சிரிப்பது பழகின குரலுக்கும் முகத்துக்கும்தான்.

சான்றிதழில் மிழினி என்றே பதியுங்கள். பிறந்து ஒரு வருடத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதன்பிறகும் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். அவசரம் அங்கே இல்லை, அடுத்த மாதத்தில் இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும் என்று 2017 முதல் சட்டம் இருக்கிறது. உங்கள் ஆபீசில் விசாரித்தீர்களா? எல்லாம் யோசித்து, ஊரில் விட்டுப் போவதுதான் சரி என்று நீங்களே முடிவெடுத்தால் அதிலும் குற்றமில்லை.

முதலில் வீட்டுக்காரரை உட்கார வைத்துப் பேசுங்கள். அப்புறம் மாமியாரிடம், "எங்களோடு வந்து சில மாதம் இருங்களேன் அத்தை" என்று கேட்டுப் பாருங்கள். அன்றைக்குப் பெயர்ப் பேச்சை எடுக்க வேண்டாம்.