இலைக்குள் வாழும் பாக்டீரியா: கேள்வி பதில்

பாலக்கோடு மாணவி: ஆடாதொடை இலையிலிருந்து உள்வாழ் பாக்டீரியா பிரிக்கிறேன். வளர்ப்புத் தட்டு முழுக்க ஒரே படலம். எங்கே தப்பு?

படர்வது பெரும்பாலும் பேசில்லஸ் என்ற பாக்டீரியா. அதன் வித்து (கடினமான உறக்க நிலை, ஸ்போர்) எத்தனாலுக்கு அசையாது. இலைமேல் இருந்ததே வந்திருக்கும். இலையைக் காம்போடு பறித்து, அன்றே மண் போகக் கழுவுங்கள். 70 சதவீத எத்தனாலில் 1 நிமிடம், 2 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் (குளோரின் வெளுப்பான்) 3 நிமிடம், மறுபடி எத்தனாலில் 30 விநாடி, பிறகு கிருமி நீக்கிய நீரில் 5 அலசல். காம்பையும் ஓரத்தையும் அதற்குப் பிறகே நறுக்குங்கள். முன்னாலேயே நறுக்கினால் வெட்டுவாய் வழியே குளோரின் ஏறும். ஓரம் வெளிறிக் கண்ணாடி போலாகும், உள்ளே இருப்பதும் செத்துவிடும்.

கடைசி அலசல் நீரில் 0.1 மில்லியைத் தனித் தட்டில் பரப்புங்கள். ஒரு புள்ளி முளைத்தாலும் அந்தத் தொகுதியையே தூக்கிப் போடுங்கள். அது சுத்தமாக இருந்தால், 1 கிராம் இலையை 9 மில்லி உப்புக் கரைசலில் (0.85 சதவீதம்) அரைத்து, பத்துப் பத்து மடங்காக நீர்த்து, தட்டில் பரப்பி, 28 டிகிரி செல்சியஸில் 7 நாள் வையுங்கள். இரண்டாம் நாளே எண்ணி முடித்தால் மெதுவாக வளரும் மெத்திலோபாக்டீரியத்தின் இளஞ்சிவப்புக் காலனிகளைத் தவறவிடுவீர்கள்.

அஞ்செட்டி: துளசிக்கும் இதே நேரமா?

இல்லை, மெல்லிய இலை. ஹைப்போகுளோரைட்டை 1 சதவீதம், 2 நிமிடத்தில் தொடங்கிப் பாருங்கள். அலசல் நீர்த் தட்டு இதற்கும் உண்டு.

அரூர்: கஷாயத்தில் அந்த பாக்டீரியா வயிற்றுக்குப் போகுமா?

கொதியில் செத்துவிடும், சில வித்துகள் தவிர. கஷாயத்தின் பலன் இலைச் சத்தில்.

காவேரிப்பட்டணம்: சத்தையே நுண்ணுயிர்தான் செய்கிறதாமே? பிறகு செடி எதற்கு?

1993-ல் பசிபிக் யூ மரத்துப் பூஞ்சை டாக்சால் என்ற புற்றுநோய் மருந்தைத் தருவதாக அறிவித்தார்கள். கிடைத்தது மிகமிகச் சொற்பம். இன்றும் அந்த மருந்து யூ மர ஊசியிலையிலிருந்தும் செல் வளர்ப்பிலிருந்தும்தான் வருகிறது. இலைச்சாறு ஒட்டிக்கொண்டு வந்தாலும் சோதனையில் சத்து காட்டும். நுண்ணுயிரை ஐந்தாறு முறை புதுத் தட்டுக்கு மாற்றிய பிறகும் சத்து வந்தால் பேசலாம்.

ஊத்தங்கரை: ஒப்புக்கொள்ள மாட்டேன். பாக்டீரியா ஏற்றிய செடியில் சத்து கூடுகிறதே!

கூடும், அதை மறுக்கவில்லை. ஆனால் உள்ளே ஆள் வந்ததும் செடி தன் தற்காப்பைக் கிளப்பும். அதிலேயே ஆல்கலாய்டு (மருந்துச் சத்துகளில் ஒரு வகை) ஏறலாம். தூண்டுவது வேறு, செய்வது வேறு. பிரித்தறிய, செடியில்லாமல் பாக்டீரியாவை மட்டும் வளர்த்துப் பாருங்கள்.

பாப்பாரப்பட்டி: நிலவேம்புக் கஷாயத்தில் பாக்டீரியா...

அரூருக்குச் சொன்னதே.

தேன்கனிக்கோட்டை: பிரித்த பாக்டீரியாவைத் தக்காளிக்குத் தெளிக்கட்டுமா?

வேண்டவே வேண்டாம். செடிக்கு நல்லது செய்யும் புர்கோல்டேரியா, கிளெப்சியெல்லா பாக்டீரியா வகைகளில் சில மனித நுரையீரலைப் பிடிக்கும். 16எஸ் வரிசை (இனம் காட்டும் மரபணு) பார்த்து, இரத்த அகாரில் (இரத்தம் கலந்த வளர்ப்பு ஊடகம்) சோதித்து, அதற்குப் பிறகு வயல். வறட்சிக்கு இப்போதே வேண்டுமானால் பிபிஎஃப்எம் (மெத்திலோபாக்டீரியம் கொண்ட நுண்ணுயிர்க் கரைசல்) தெளியுங்கள்: 10 லிட்டர் டேங்குக்கு 100 மில்லி, காலையிலோ மாலையிலோ. பூச்சிமருந்தோடு கலக்காதீர்கள்.